நெல்மணி அளவு மீனும் கணக்கில் வராத மனிதரும்

டியகோ கார்சியா என்றதும் குண்டுவீச்சு விமானங்களே பலரது நினைவுக்கு வரும். 1991ஆம் ஆண்டின் வளைகுடாப் போர்க்காலத்தில் அத்தீவிலிருந்து கிளம்பிய பி-52 விமானங்களைப் பற்றி வெளிநாட்டுச் செய்தி முகவரகங்கள் அனுப்பியவற்றை நாள்தோறும் தமிழாக்கம் செய்துகொண்டிருந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். ஆனால் டியகோ கார்சியாவை உள்ளடக்கிய சாகோஸ் தீவுக்கூட்டம் வேறொரு காரணத்துக்காகவும் உலகச் சாதனைப் பதிவேடுகளில் இடம்பெற்றிருந்தது என்பதை அறிந்தோர் குறைவு. உலகின் மிகச் சிறிய முதுகெலும்புப் பிராணி என்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கருதப்பட்ட மீன் ஒன்று, அத்தீவுகளின் பவளப்பாறைச் சரிவிலிருந்தே விஞ்ஞான உலகின் பார்வைக்கு வந்தது. 'திரிம்மாட்டொம் நானுஸ்' என்பது அதற்கு இடப்பட்ட விஞ்ஞானப் பெயர். நானுஸ் என்றால் இலத்தீன் மொழியில் குள்ளன் என்று பொருள். எமது கடற்கரைகளில் உளுவை என்று அழைக்கப்படும் மீன்குடும்பத்தைச் சேர்ந்தது அது.

அந்த மீனின் வரலாற்றைத் தேடிப் போனால் வேறொரு வரலாறும் கூடவே வந்து நிற்கிறது. அந்த மீன் சேகரிக்கப்பட்ட காலத்துக்குச் சரியாக ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்னர்தான் அத்தீவுகளிலிருந்து கடைசி மனிதர் கப்பலேற்றப்பட்டார். இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் எதுவும் விளங்காது என்பது எனது எண்ணம்.

முதலில் மீனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

1978, 1979ஆம் ஆண்டுகளில் பிரித்தானிய முப்படைகளின் ஏற்பாட்டில் ஆய்வுப் பயணம் ஒன்று சாகோசுக்குச் சென்றது. அப்பயணத்தில் திரட்டப்பட்ட மீன்களை ஆராய்ந்தவர்களுள் றிச்சர்ட் வின்ரர்பொட்டம், அலன் எமெரி ஆகிய இருவரும் முக்கியமானவர்கள். வின்ரர்பொட்டம் கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள றோயல் ஒன்ராறியோ நூதனசாலையில் நெடுங்காலம் பணியாற்றிய உளுவை மீன் நிபுணர். 1981ஆம் ஆண்டில் இவ்விருவரும் வெளியிட்ட கட்டுரையில் ஒரு புதிய பேரினமும் அதற்குட்பட்ட இரண்டு புதிய இனங்களும் விவரிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றே இந்தக் குள்ளன். ஒரு தொகுதியில் இருந்த 92 மீன்களை அளந்து பார்த்தபோது, முதிர்ந்த ஆண்மீனின் சராசரி நீளம் 8.6 மில்லிமீற்றராகவும் பெண்மீனின் சராசரி நீளம் 8.9 மில்லிமீற்றராகவும் இருந்தன. உமி நீக்காத ஒரு நெல்மணியை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். முழு வளர்ச்சி பெற்று, முட்டையிடும் பருவம் எய்திய மீன் அவ்வளவுதான்.

இவ்வளவு சிறிய உயிர் அதுவரை எவருடைய கண்ணிலும் படாமல் இருந்ததில் வியப்பில்லை. பவளத்தீவின் வெளிப்புறத்தில், அலை உடையும் விளிம்பைத் தாண்டியதும் பாறை செங்குத்தாக ஆழத்தை நோக்கி இறங்கும். அந்தச் சரிவில் இருபது முப்பது மீற்றர் ஆழத்தில் உள்ள குகைகளிலும், உடைந்த பவளக் கற்கள் குவிந்து கிடக்கும் இடுக்குகளிலும் இம்மீன் வாழ்கிறது. உடலில் செதில் கிடையாது. தூண்டிலிலும் அகப்படாது, வலைக்கண்ணிலும் தங்காது. சாகோஸ் கடலை ஆராய முன்னர் போனவர்கள் இல்லாமலும் இல்லை. 1837இல் றொபேட் மோர்ஸ்பி என்ற கடற்படை அதிகாரி அதனை அளந்து வரைபடமாக்கினார். அவருடைய தரவுகளை வைத்துக்கொண்டுதான் சார்ள்ஸ் டார்வின் 1842இல் வெளிவந்த பவளப்பாறைகள் பற்றிய நூலில் சாகோசின் பெரும் பவளத்திட்டை விவாதித்தார். 1905இல் ஸ்ரான்லி கார்டினர் தலைமையில் 'சீலார்க்' என்ற கப்பல் கொழும்புத் துறைமுகத்திலிருந்தே புறப்பட்டுச் சாகோஸ் சென்று கடலடியை அரித்து எடுத்து வந்தது. அரிகலன் செல்லக்கூடியது சமதரைக்குத்தான். செங்குத்துச் சுவரின் பொந்துகளுக்குள் அது நுழையாது. மனிதன் முதுகில் காற்றுக்கலத்தைக் கட்டிக்கொண்டு தானே கீழே இறங்கக் கற்ற பின்னர்தான் அப்பொந்துகள் திறந்தன. கூஸ்ரோவும் கான்யானும் சுவாசக் கருவியை உருவாக்கியது 1943இல்.

சுழியோடி நேரே கண்டாலும் இவற்றைக் கையால் பிடிக்க இயலாது. தெரிஸ் எனும் கொடியின் வேரிலிருந்து எடுக்கப்படும் றொட்டெனோன் என்ற நஞ்சை ஒரு சிறிய பரப்பில் கரைத்துவிட்டு, மயங்கி வெளியே வரும் நுண்மீன்களைப் பொறுக்கியெடுப்பதே அக்கால ஆய்வாளரின் வழக்கம். இது இன்று பல நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்ட முறை. ஆனாலும் உலகின் பவளப்பாறை நுண்மீன்களில் பெரும்பாலானவற்றை நாம் அறிந்திருப்பது அந்த வழியாலேயே.

இத்தகைய சிறு மீன்களை நெடுங்காலம் விஞ்ஞானிகளே பொருட்படுத்தவில்லை. பாறையில் வாழும் பெரிய மீன்களை எண்ணும்போது இவற்றை எண்ணாமலே விட்டனர். கடந்த இருபது ஆண்டுகளில்தான் இவற்றின் பெறுமதி விளங்கத் தொடங்கியது. பெரும் தடுப்புப் பவளத்திட்டில் வாழும் இன்னொரு குள்ள உளுவையின் முழு ஆயுளே 59 நாட்கள்தான் என்று 2005இல் கண்டறிந்தனர். பிறந்து, வளர்ந்து, இனம்பெருக்கி, இரையாகி மறைவது எல்லாம் இரண்டு மாதங்களுக்குள். 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பவளப்பாறையில் மற்ற மீன்களுக்கு இரையாகும் மீன்நிறையில் ஏறக்குறைய 60 சதவீதம் இந்த நுண்மீன்களே என்று மதிப்பிட்டது. கணக்கில் சேர்க்கப்படாதவைதான் முழுப் பாறைக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்தன.

குள்ளனின் சாதனைப் பட்டம் நிலைக்கவில்லை. 2004இல் அவுஸ்திரேலியாவிலிருந்தும் 2006இல் சுமாத்திராவின் சதுப்பு நிலத்திலிருந்தும் இதனினும் சிறிய மீன்கள் அறிவிக்கப்பட்டன. 2012இல் பப்புவா நியூகினித் தவளையொன்று அவற்றையும் முந்தியது. பட்டம் போனதோடு பத்திரிகைகளுக்கு அதன்மீதிருந்த அக்கறையும் போய்விட்டது. நமது தொழிலின் இயல்பு அது.

இனித் தீவுகளுக்கு வருவோம். இலங்கையிலிருந்து தென்மேற்குத் திசையில் ஏறக்குறைய 1,800 கிலோமீற்றர் தொலைவில், இந்து சமுத்திரத்தின் நடுவில், ஐம்பதுக்கு மேற்பட்ட சிறு தீவுகளாகச் சிதறிக் கிடப்பது சாகோஸ். எல்லாவற்றையும் சேர்த்தாலும் நிலப்பரப்பு அறுபது சதுர கிலோமீற்றர் அளவில்தான் இருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மொரீசியசிலிருந்த பிரெஞ்சுக்காரர் தென்னந்தோட்டம் அமைப்பதற்காக மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் பிடித்துவரப்பட்ட அடிமைகளை அங்கு கொண்டுசென்று இறக்கினர். 1814இல் மொரீசியசோடு சேர்த்துச் சாகோசும் பிரித்தானியாவின் கைக்கு மாறியது. அடிமை முறை ஒழிந்த பின் இந்தியாவிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகளும் அவர்களோடு கலந்தனர். நான்கைந்து தலைமுறைக் காலத்தில் தனக்கெனக் கிரியோல் மொழியும், தேங்காய்ப்பாலில் மீன் சமைக்கும் வழக்கமும், தேவாலயமும், இடுகாடும் கொண்ட ஒரு சமூகம் அங்கே உருவாகிவிட்டது. தம்மை அவர்கள் 'இல்வா' என்று அழைத்தனர். தீவார் என்பது பொருள். ஓசையில் அது எங்கள் உளுவைக்கு அயலாக ஒலிப்பது வெறும் தற்செயலே.

அவர்களது வாழ்வு சொர்க்கபுரியாக இருந்தது என்று எழுதுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. கொப்பறாக் கம்பனியே அங்கு முதலாளி, அதுவே கடைக்காரன், அதுவே நீதவான். கூலி அற்பம். ஆனால் வீடும் மீனும் வேலையும் இருந்தன. தாத்தாவின் கல்லறை எங்கே இருக்கிறதென்று ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது.

1960களில் இந்து சமுத்திரத்தில் படைத்தளம் ஒன்றைத் தேடிய அமெரிக்கா டியகோ கார்சியாவைத் தேர்ந்தது. மொரீசியஸ் சுதந்திரத்துக்காகப் பேச்சு நடத்திக்கொண்டிருந்த வேளையில், 1965 நவம்பர் 8ஆம் திகதி, சாகோசை அதனிடமிருந்து பிரித்தெடுத்து 'பிரித்தானிய இந்து சமுத்திர ஆள்புலம்' என்ற புதிய குடியேற்றத்தைப் பிரித்தானியா உருவாக்கியது. மொரீசியசுக்கு 30 இலட்சம் பவுண் கொடுக்கப்பட்டது. அமெரிக்காவோ பணமாக எதையும் கொடுக்காமல், பிரித்தானியா வாங்கிய பொலாரிஸ் ஏவுகணைகளின் கணக்கில் 1 கோடியே 40 இலட்சம் டொலரைத் தள்ளுபடி செய்தது. 1966 டிசம்பர் 30ஆம் திகதி இரு நாடுகளும் கடிதங்களைப் பரிமாறிக்கொண்டு ஐம்பதாண்டுக் குத்தகையை உறுதிசெய்தன.

எஞ்சியிருந்த சிக்கல் ஒன்றுதான். மக்கள். தீவுகளில் நிலையான குடிகள் இருக்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டால் ஐ.நா. சாசனப்படி அவர்களது நலனுக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். ஆகவே நிலையான குடிகள் எவரும் இல்லை, இருப்பவர் அனைவரும் வந்துபோகும் ஒப்பந்தத் தொழிலாளர்களே என்று எழுதிவைக்கத் தீர்மானித்தனர். கடற்பறவைகளைத் தவிர அங்கு சொந்தக் குடிகள் இருக்கப்போவதில்லை என்று 1966இல் ஓர் உயரதிகாரி குறிப்பெழுதினார். பறவைகளோடு சில டார்சன்களும், றொபின்சன் குரூசோ கதையில் வரும் 'மான் பிரைடே' போன்ற சிலரும் இருக்கிறார்களே என்று இன்னொரு அதிகாரி எள்ளலாகப் பதிலெழுதினார். பிற்காலத்தில் நீதிமன்றத்துக்கு வந்த இந்தக் கோவைகளைப் படிப்போர் அதிகாரிகளின் கொடுமையைவிட அவர்களது நகைச்சுவையையே மறக்க மாட்டார்கள்.

வெளியேற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை. 1968 முதல், வைத்தியத்துக்காகவோ உறவினரைக் காணவோ மொரீசியஸ் சென்றவர்கள் திரும்பி வரக் கப்பலேற முயன்றபோது, தீவு விற்கப்பட்டுவிட்டது, இனிப் போகமுடியாது என்ற பதிலே கிடைத்தது. தீவுகளுக்கு உணவும் மருந்தும் குறைக்கப்பட்டன. 1971இல் டியகோ கார்சியா காலி செய்யப்பட்டது. அதற்கு முன் அங்கிருந்த நாய்களைச் சுட்டும் நஞ்சிட்டும் கொன்று பார்த்தனர். அது போதாதபோது, எஞ்சியவற்றைக் கொப்பறா உலர்த்தும் கொட்டிலில் அடைத்து, வாகனப் புகையைச் செலுத்திக் கொன்றனர். பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். 1972இல் சலமோன் தீவுகளும் 1973இல் பெரோஸ் பான்ஹோசும் காலியாயின. மொத்தம் 1,500க்கும் 2,000க்கும் இடைப்பட்டவர்கள் மொரீசியசின் சேரிகளிலும் சீசெல்சிலும் இறக்கிவிடப்பட்டனர்.

எத்தனை பேர் என்பதைக் கவனியுங்கள். இன்றுவரை ஒரு திட்டமான எண்ணைச் சொல்ல முடியவில்லை. மீன்களின் எண்ணிக்கை 92 என்று தெரியும். அவற்றின் நீளம் மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு வரை பதிவாகியிருக்கிறது. வெளியேற்றப்பட்ட மனிதர்களோ 'ஏறக்குறைய' என்ற சொல்லுக்குள்தான் அடங்குகிறார்கள்.

இவ்விடத்தில் எம் நாட்டைப் பற்றிய ஒரு செய்தியையும் சொல்லாமல் விடக்கூடாது. 1971 ஒக்டோபரில் பிரதமர் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க ஐ.நா. பொதுச்சபையில் தோன்றி, இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக்க வேண்டும் என்று கோரினார். அவ்வாண்டு டிசம்பர் 16ஆம் திகதி 61 நாடுகளின் ஆதரவுடன் எதிர்ப்பின்றி அத்தீர்மானம் நிறைவேறியது. 55 நாடுகள் வாக்களிப்பிலிருந்து விலகிக்கொண்டன. இலங்கையின் இராஜதந்திர வரலாற்றில் பெருமைக்குரிய நிகழ்வாக அது இன்றும் போற்றப்படுகிறது. டியகோ கார்சியாவின் மக்கள் வெளியேற்றப்பட்டதும் அதே ஆண்டில்தான். தீர்மானத்தில் படைத்தளங்கள் உண்டு, வல்லரசுப் போட்டி உண்டு. அத்தீவுகளில் வாழ்ந்த மனிதரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இது இலங்கையின் குற்றம் மட்டுமன்று. ஆட்களே இல்லை என்ற பொய்யை உலகம் முழுவதும் நம்பிக்கொண்டிருந்தது. 1975 செப்டெம்பரில் வோஷிங்டன் போஸ்ற் பத்திரிகை மொரீசியசில் அகதிகளாய்த் திரிந்த இம்மக்களைப் பற்றி எழுதிய பின்னரே மேற்குலகுக்குச் செய்தி எட்டியது. கடைசிக் கப்பல் புறப்பட்டு அப்போது இரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன.

இந்தப் பின்னணியில்தான் 1978இன் ஆய்வுப் பயணத்தைப் பார்க்க வேண்டும். மொரீசியஸ் அரசாங்கத்திடம் பிரித்தானியா கொடுத்த ஆறரை இலட்சம் பவுண் இழப்பீடு, தாமதித்துத் தாமதித்து அம்மக்களுக்குப் பகிரப்பட்டதும் அதே 1978இல்தான். அவர்களுக்கு இழப்பீடு கைக்கு வந்த காலத்தில் அவர்களது கடலுக்கு விஞ்ஞானிகள் போய்ச் சேர்ந்தார்கள்.

விஞ்ஞானிகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எனது நோக்கமன்று. அவர்கள் எவரையும் வெளியேற்றவில்லை. அவர்கள் செய்த வேலை நேர்மையான வேலை. 1989இல் வின்ரர்பொட்டமும் எமெரியும் இன்னொருவரும் சேர்ந்து வெளியிட்ட சாகோஸ் மீன்களின் பட்டியலில் ஏறக்குறைய எழுநூறு இனங்கள் உள்ளன. அப்பட்டியல் இல்லாவிட்டால் அக்கடலில் பின்னர் எது அழிந்தது, எது தப்பியது என்று சொல்லவே இயலாது. நான் சொல்ல வருவது வேறு. ஆட்சியாளரின் அனுமதி யாருக்குக் கிடைத்தது என்பதே கேள்வி. படைவீரர் போகலாம். ஆய்வாளர் போகலாம். உல்லாசப் படகுகளில் உலகைச் சுற்றுவோரும் கட்டணம் செலுத்திவிட்டுச் சலமோன் தீவுகளில் நங்கூரமிடலாம். அங்கு பிறந்தவர்கள் மட்டும் போகக்கூடாது.

குள்ளனைப் பற்றி இன்னொன்று. சாகோசில் கண்டெடுக்கப்பட்ட இம்மீன் பின்னர் மாலைதீவு முதல் பசுபிக்கின் பிஜி வரை பல இடங்களிலும் இருப்பது தெரியவந்தது. சாகோஸ் அதன் ஒரே வீடு அன்று. இல்வா மக்களுக்கு வேறு வீடு இல்லை.

அம்மக்களின் வழக்கை ஒலிவியே பான்கூல்ற் என்பவர் நடத்தினார். சிறுவயதில் பெரோஸ் பான்ஹோசிலிருந்து தாயோடு மொரீசியசுக்கு வந்து, திரும்ப முடியாமற் போனவர். 2000 நவம்பரில் இலண்டன் மேல் நீதிமன்றம் வெளியேற்றம் சட்டவிரோதமானது என்று தீர்ப்பளித்தது. டியகோ கார்சியா தவிர்ந்த ஏனைய தீவுகளுக்குத் திரும்பலாம் என்ற நிலை பிறந்தது. 2004 ஜூனில் பாராளுமன்றத்தைக் கேட்காமலே, முடியின் பெயரால் பிறப்பிக்கப்பட்ட கட்டளை ஒன்று அவ்வுரிமையைப் பறித்துக்கொண்டது. 2008இல் பிரபுக்கள் சபையின் நீதியரசர்கள் மூவருக்கு இருவர் என்ற கணக்கில் அக்கட்டளையைச் சரி என்றனர்.

இதற்குப் பின்னர்தான் மீன்கள் மறுபடியும் கதைக்குள் வருகின்றன. 2010 ஏப்ரல் 1ஆம் திகதி பிரித்தானிய வெளிவிவகாரச் செயலாளர் டேவிட் மிலிபான்ட் சாகோசைச் சூழவுள்ள ஏறக்குறைய 640,000 சதுர கிலோமீற்றர் கடலை மீன்பிடி தடைசெய்யப்பட்ட பாதுகாப்பு வலயமாக அறிவித்தார். இலங்கையின் நிலப்பரப்பைப் போல் கிட்டத்தட்டப் பத்து மடங்கு. அக்காலத்தில் உலகின் மிகப் பெரிய கடற்காப்பகம். சூழலியலாளர் கைதட்டினர். அவ்வாண்டு டிசம்பரில் விக்கிலீக்ஸ் வெளியிட்ட அமெரிக்கத் தூதரக ஆவணம் ஒன்று, 2009 மே மாதத்தில் நடந்த சந்திப்பொன்றை அம்பலமாக்கியது. கடற்காப்பகம் அமைத்துவிட்டால் பழைய குடிகள் மீளக் குடியேறுவது கடினமாகிவிடும் என்று பிரித்தானிய அதிகாரியொருவர் அமெரிக்கருக்கு விளக்கியிருந்தார். தீவுகளில் மனிதக் காலடித் தடமோ மான் பிரைடேக்களோ இருக்கப்போவதில்லை என்றும் அவர் சொன்னதாகப் பதிவாகியுள்ளது. 1966இன் நகைச்சுவை நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்தும் அதே அமைச்சில் உயிரோடிருந்தது. படைத்தளம் அமைந்த டியகோ கார்சியாவும் அதன் கரையோரக் கடலும் அந்தக் காப்பகத்துக்குள் அடங்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

காப்பகம் வெறும் கண்துடைப்பு என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. அது முழு உண்மையாகாது. அந்தப் பவளப்பாறைகள் இந்து சமுத்திரத்தில் எஞ்சியுள்ளவற்றுள் செழிப்பானவை. 1998இலும் 2015, 2016ஆம் ஆண்டுகளிலும் கடல் வெப்பமேறிப் பவளங்கள் வெளிறி மடிந்தபோது சாகோசும் தப்பவில்லை, ஆயினும் முதல் அடியிலிருந்து அது ஏனைய இடங்களைவிட நன்றாக மீண்டெழுந்தது. எலிகள் ஏறாத தீவுகளில் கடற்பறவைகள் பெருகி, அவற்றின் எச்சம் மழையோடு கடலில் கரைந்து, அடுத்துள்ள பாறையின் மீன்களைக் கொழுக்கச் செய்கிறது என்ற உண்மையை உலகம் 2018இல் கற்றதும் சாகோசில்தான். அக்கடலுக்குக் காவல் தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. இருநூறு ஆண்டுகளாக அதில் மீன்பிடித்து உண்டு அதனை அழிக்காமல் வைத்திருந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டுத்தான் காவல் செய்ய வேண்டுமா என்பதே வழக்கு. 2015 மார்ச்சில் ஐ.நா. கடற்சட்ட சாசனத்தின் கீழ் அமைந்த தீர்ப்பாயம், மொரீசியசின் உரிமைகளை மதிக்காமல் காப்பகத்தை அறிவித்தது சட்டத்துக்கு முரணானது என்று கூறியது. 2019 பெப்ரவரி 25ஆம் திகதி சர்வதேச நீதிமன்றம் சாகோசை 1965இல் பிரித்ததே தவறு என்று அபிப்பிராயம் தெரிவித்தது. மே மாதம் ஐ.நா. பொதுச்சபை 116 வாக்குகளுக்கு 6 என்ற கணக்கில் அதனை ஏற்றது. 2025 மே 22ஆம் திகதி இறைமையை மொரீசியசுக்கு மாற்றும் உடன்படிக்கையில் இரு நாடுகளும் கைச்சாத்திட்டன. அதன்படி டியகோ கார்சியா மட்டும் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்படும். பேச்சு மேசையில் தமக்கு இடமளிக்கப்படவில்லை என்று சாகோஸ் மக்களில் பலர் அப்போதும் குமுறினர்.

தமிழ் வாசகர் பலருக்கு இப்பெயர் மீண்டும் பழக்கமானது 2021இல். அவ்வாண்டு ஒக்டோபர் 3ஆம் திகதி, கனடாவை நோக்கிப் புறப்பட்ட மீன்பிடிப் படகொன்று நடுக்கடலில் பழுதாகி, பிரித்தானியக் கடற்படையால் டியகோ கார்சியாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டது. அதில் இருந்தவர்கள் 89 பேர், இலங்கைத் தமிழர், குழந்தைகள் உட்பட. அத்தீவில் எவரும் புகலிடம் கோருவது அதுவே முதல் தடவை. வேலியிட்ட சிறு நிலத்தில் கூடாரங்களில் அவர்கள் மூன்று ஆண்டுகள் வைக்கப்பட்டனர். கூடாரங்களுக்குள் எலிகள் நடமாடின. உண்ணாவிரதங்களும் தற்கொலை முயற்சிகளும் நடந்தன. சிகிச்சைக்கென்று சிலர் ருவாண்டாவுக்கு அனுப்பப்பட்டனர். 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெரும்பாலானோர் பிரித்தானியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அம்மாதம் 16ஆம் திகதி, அந்த ஆள்புலத்துக்கான நீதிமன்றத்தின் நீதிபதி மார்கரெட் ஓபி, அவர்கள் சட்டவிரோதமாகத் தடுத்துவைக்கப்பட்டிருந்தனர் என்று தீர்ப்பளித்தார். பெயரில் மட்டுமே அது சிறையாக இருக்கவில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம்.

அங்கிருந்து போக விரும்பியவர்களைப் போகவிடவில்லை, அங்கு வர விரும்பியவர்களை வரவிடவில்லை. சாகோசின் நெல்மணி மீன்கள் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ரொறன்ரோவைச் சென்றடைந்துவிட்டன. அந்நகரில் வாழும் எம்மவர் பலர் அந்த நூதனசாலையின் வாசலைக் கடந்து நாளாந்தம் வேலைக்குப் போய்வருகிறார்கள். கனடாவுக்கென்று கிளம்பிய 89 பேர் அந்த மீனின் கடலோரத்தில் நின்றுவிட்டனர்.

லிஸ்பி எலிசே என்ற பெண்ணைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். 1973இல் பெரோஸ் பான்ஹோசிலிருந்து 'நோர்ட்வேர்' என்ற கப்பலில் ஏற்றப்பட்டபோது அவருக்கு இருபது வயது, நான்கு மாதக் கர்ப்பிணி. பயணம் நான்கு நாட்கள். மொரீசியசில் பிறந்த குழந்தை தங்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அவரது வாக்குமூலத்தை 2018 செப்டெம்பரில் சர்வதேச நீதிமன்றத்தின் நீதியரசர்கள் திரையில் கேட்டனர். 2022 பெப்ரவரியில் மொரீசியஸ் அரசாங்கம் அமர்த்திய கப்பலொன்றில் அவரும் வேறு நால்வரும் பெரோஸ் பான்ஹோசில் இறங்கினார்கள். பிரித்தானியாவிடம் அனுமதி கேட்காமல் அம்மக்கள் அங்கு கால் வைத்தது அதுவே முதல் முறை. செடிகொடிகள் மூடிக்கிடந்த தேவாலயத்தைத் துப்பரவு செய்தனர். அங்கிருந்து இருநூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில், தெற்கே, எம்மவர் அன்று கூடாரங்களில் இருந்தனர். அக்கப்பல் அங்கு போகவில்லை. மாலைதீவுடனான கடல் எல்லை வழக்குக்காக பிளெனிம் பவளத்திட்டை அளக்கவென்றே அது அமர்த்தப்பட்டிருந்தது. அளவை வேலை முடிந்ததும் அவர்களையும் ஏற்றிக்கொண்டு திரும்பியது.